காடு எரியும் முன், கடல் ஏறும் முன்: எச்சரிக்கை நம் கைக்கு வரும் வழிகள்

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல். அதிலிருந்து 101 நாள் கழித்து, 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒக்கியில் தமிழ்நாடு, கேரளம் இரண்டையும் சேர்த்து நூற்றுக்கணக்கான மீனவர்கள் கரை திரும்பவில்லை. குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

ஒன்று தண்ணீர், இன்னொன்று நெருப்பு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும். ஆபத்து தெரிய வந்த நேரத்துக்கும் அது தலைமேல் வந்து நின்ற நேரத்துக்கும் நடுவே, அங்கே இருந்தவர்களுக்குப் போதிய அவகாசம் கிடைக்கவில்லை. காலநிலை மாற்றம் என்று நாம் பேசுவது பனிமலை உருகுவதைப் பற்றி மட்டும் அல்ல. நம் மாநிலத்து மலையிலும் கரையிலும் அது முதலில் பிடுங்கிக்கொள்வது இந்த அவகாசத்தைத்தான். அதைத் திரும்பப் பெறுவதற்கு என்னென்ன சேவைகள் இருக்கின்றன, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் போகிறது.

சூடு ஏறினால் என்ன நடக்கிறது?

மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை ஏறக்குறைய 1 டிகிரி சூடேறியிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது.

"ஒரு டிகிரிதானே, அதுக்கா இவ்வளவு?" என்று தோன்றும். உடம்பில் ஒரு டிகிரி கூடினாலே நாம் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். கடலுக்கு அது சாப்பாடு மாதிரி. புயலுக்கு வேண்டிய சக்தி சூடான கடல்நீரிலிருந்துதான் வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அந்த ஈரம் கடல்மேல் இருந்தால் பெருமழை. காட்டுக்குள் என்றால் கதை வேறு. ஈரத்துக்குத் தாகமெடுத்த காற்று, இலையிலும் புல்லிலும் மண்ணிலும் இருப்பதை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஒரே சூடு, கரையில் வெள்ளமாகவும் மலையில் சருகாகவும் வந்து நிற்கிறது.

மலையில்: சருகு காயும் காலம்

நம் மலைகளில் தீப் பருவம் பிப்ரவரியில் தொடங்கிக் கோடை மழை விழும்வரை நீளும். ஆனால் அதற்கான ஏற்பாடு முந்தைய ஆண்டே ஆரம்பித்துவிடுகிறது. மழை நன்றாகப் பெய்தால் புல் ஆள் உயரத்துக்கு வளரும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி அந்தப் புல்லையும் செடியையும் கருக்கிவிடும். பிறகு வெயில். ஆக, நல்ல மழை பெய்த வருஷம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அந்த மழைதான் அடுத்த மார்ச்சுக்கான விறகை வளர்த்துக் கொடுத்திருக்கும்.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் குன்னூர் அருகே காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் அணையில் நீர் மொண்டு வந்து மேலிருந்து ஊற்ற வேண்டியிருந்தது. ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 டிகிரி வெயில். குளிருக்காகப் போகும் ஊரில் மின்விசிறி தேடிய நாட்கள் அவை. அதே வாரங்களில் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தீ.

இதில் ஒரு தெளிவு வேண்டும். வெயில் தானாகக் காட்டைக் கொளுத்துவதில்லை. இந்தியாவில் காட்டுத்தீயின் மிகப் பெரும்பகுதி மனிதர்களால் மூட்டப்படுவதுதான். மேய்ச்சலுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீ, பட்டா நிலத்தில் குப்பையை எரிக்கும்போது வேலி தாண்டும் தீ, தேன் எடுக்கப் போகும்போது கொண்டுபோகும் பந்தம், சுற்றுலா வந்தவர் அணைக்காமல் போட்ட பீடி. இவையெல்லாம் நம் தாத்தா காலத்திலும் இருந்தன. அன்றைக்குக் கொஞ்ச தூரம் போய் ஈரத்தில் அணைந்துபோன தீ, இன்றைக்கு மலை முகடுவரை ஏறுகிறது. மாறியிருப்பது காட்டின் வறட்சி.

இன்னொரு மாற்றமும் உண்டு: உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தச் செடி முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. தரையில் ஓடும் புல்தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணி மாதிரி இது வேலை செய்கிறது. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் முன்காலத்தில் பருவத் தொடக்கத்திலேயே, சருகு முழுசாகக் காயும் முன், சின்னதாகத் தீ வைத்துச் சுத்தம் செய்வார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். அது தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி இவ்வளவு பெருகியது என்பது சோளகர்களின் கருத்து. ஆராய்ச்சியாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்காக இன்றைக்கு யாரும் தீப்பெட்டியோடு காட்டுக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை. காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றம். சரணாலயத்துக்குள் தீ வைப்பதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் தீத்தடுப்புத் திட்டம் போடும்போது அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பது நல்லது.

செயற்கைக்கோள் பார்க்கிறது, நீங்களும் பாருங்கள்

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டுபிடித்து எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. வனத்துறை அலுவலர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். அந்த நிறுவனத்தின் காட்டுத்தீ இணையதளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து, எந்தப் பகுதிக்குத் தகவல் வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மலையோர ஊராட்சித் தலைவர்கள், எஸ்டேட் மேலாளர்கள், விடுதி நடத்துபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது. செலவு எதுவும் இல்லை.

ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. முக்கியமான கருவி நிலத்தை 375 மீட்டர் சதுரங்களாகத்தான் பார்க்கிறது. ஒரு இடத்துக்கு மேலே அது நாளுக்குச் சில முறைதான் கடக்கும், ஏறக்குறைய மதியம் ஒன்றரைக்கும் நள்ளிரவு ஒன்றரைக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றிய தீ அதன் கண்ணில் படும்போது பல மணி நேரம் ஓடியிருக்கலாம். மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவர், தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், பேருந்து ஓட்டுநர், இவர்கள் கண்தான் முதல் கண்.

புகையைப் பார்த்தால் 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை 1077. வெளி மாவட்டத்திலிருந்து அழைக்கிறீர்கள் என்றால் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும், தேனிக்கு 04546. என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். இப்படிச் சொன்னால் போதும்:

"வணக்கம் சார். போடிக்குப் பக்கத்துல இருந்து பேசுறேன். ஊருக்கு மேக்க மலைச்சரிவுல புகை தெரியுது சார். பத்து நிமிஷமா பாக்குறேன், மேல ஏறிக்கிட்டே இருக்கு. மாடு பத்திட்டுப் போன ரெண்டு பேரு இன்னும் இறங்கல."

"வண்டி எதுவரைக்கும் வரும்மா? பாதை தெரிஞ்சவங்க யாராச்சும் ரோட்டுல நிப்பாங்களா?"

"மாரியம்மன் கோயில் வரைக்கும் வரும் சார். எங்க அண்ணனை அங்க நிக்கச் சொல்றேன்."

இடம், புகை நகரும் திசை, உள்ளே ஆள் இருக்கிறார்களா, வண்டி எதுவரை போகும். இந்த நாலும் தெரிந்தால் வனக் காவலர்கள் அரை மணி நேரம் தேடி அலைவது மிச்சம். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தின் எண்ணை இன்றே கேட்டு வாங்கி வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

தீக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? குரங்கணிக்குப் பிறகு இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் பொதுக் கணக்கு. அதனால் மேலே ஏறி ஓடாதீர்கள். தீக்குப் பக்கவாட்டாக விலகிக் கீழே இறங்கப் பாருங்கள். வெறும் பாறை, ஓடை, ஏற்கனவே எரிந்து கருகி ஆறிய இடம், இவைதான் அடைக்கலம். புல் மண்டிய பள்ளத்தில் ஒளியக் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான் நல்லது.

மலையேற்றம் போக விரும்புபவர்களுக்காக 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளம் தொடங்கப்பட்டது. 40 பாதைகளுக்கு அதில் முன்பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, பின்பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். பதிவு இல்லாமல் போனவர் உள்ளே இருக்கிறார் என்பதே மீட்க வருபவருக்குத் தெரியாது.

காட்டை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த குப்பையை எரித்தே ஆக வேண்டும் என்றால் வனக் காவலரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். எல்லையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்குங்கள். காற்று கிளம்பும் முன், காலையிலேயே முடித்து, கங்கு அணைந்ததைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கரையில்: கூண்டு ஏறும் முன்

மலையில் அவகாசத்தைக் குறைப்பது சருகு என்றால், கடலில் குறைப்பது தண்ணீரின் சூடு.

2017 நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் முற்பகலுக்குள் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. முழுசாக ஒரு நாள். கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒருமுறை கிளம்பினால் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். "கடலுக்குப் போகாதீர்கள்" என்ற அறிவிப்பு, ஏற்கனவே போய்விட்டவரின் காதில் விழ வழி இருக்கவில்லை. கரையிலிருந்து பல மைல் தாண்டினால் கைபேசி வெறும் டார்ச் லைட்தான்.

ஒரே நாளில் காற்றின் வேகம் மணிக்கு சுமார் 55 கிலோமீட்டருக்கு மேல் கூடினால் அதை அதிவேகத் தீவிரமடைதல் என்கிறார்கள் வானிலையாளர்கள். சூடான கடல் இதற்குத் தோதான இடம். பெரியவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பேரைச் சொல்லியே நாளைய கடலைக் கணிப்பார்கள். அந்த அறிவு இன்னும் வேண்டும். ஆனால் அது பழகிய கடல் மெதுவாக மாறிய கடல். இரவு படுத்து எழுவதற்குள் புயலாகும் கடலுக்கு, அதோடு வேறு துணையும் தேவை.

இந்திய வானிலை ஆய்வு மையம் புயலுக்கு நான்கு கட்டமாக அறிவிப்புத் தருகிறது. மோசமான வானிலை எதிர்பார்க்கப்படுவதற்கு 72 மணி நேரம் முன்பு முதல் கண்காணிப்புக் குறிப்பு, 48 மணி நேரம் முன்பு உஷார் அறிவிப்பு, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை, கடைசி 12 மணி நேரத்தில் புயல் எங்கே கரை கடக்கும், கடந்த பின் உள்ளே எதுவரை பாதிக்கும் என்ற விவரம். இரண்டாவது கட்டத்திலேயே வீட்டுச் சாமான், வலை, இன்ஜின் எல்லாம் மேட்டுக்குப் போய்விட வேண்டும். நாலாவது கட்டத்தில் நீங்கள் பாதுகாப்பு மையத்தில் இருக்க வேண்டும், வீட்டில் அல்ல.

'3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தியில் வருமே, அதுக்கு என்ன அர்த்தம்? துறைமுகத்துக் கொடிமரத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றுவது பழைய வழக்கம். கூண்டு என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1, 2 என்றால் புயலோ தாழ்வோ தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 என்றால் புயல் துறைமுகத்தின் ஏதாவதொரு பக்கமாகவோ, நேராக அதன் மேலேயோ போகும், அபாயம். 8, 9, 10 என்றால் அதே மாதிரி, ஆனால் கடும் புயல். 11 என்று ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். எண் பெரிதாகப் பெரிதாகப் புயல் நெருங்குகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள், எண் வகையையும் சொல்கிறது.

எல்லா ஆபத்தும் கருமேகத்தோடு வருவதில்லை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். புயல் இல்லை. அது கள்ளக்கடல். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எங்கோ வீசிய காற்று எழுப்பிய அலை, பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். இங்கே வானம் தெளிவாகத்தான் இருக்கும், அதனால்தான் கள்ளத்தனமாக வரும் கடல் என்று பெயர். கேரளக் கரை மீனவர்கள் வைத்த பேரை உலக அறிவியலாளர்களே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இதில் ஒரு ஆறுதல், அவகாசம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் மையம் முன்னதாகவே எச்சரிக்கை தந்துவிடும். அன்றைக்கும் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. அது கரைக்கு வந்தது, கரையில் நின்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகும் முன் கைபேசியில் ஒரு நிமிடம் பாருங்கள். இன்காய்ஸின் 'சமுத்ரா' செயலியில் அலை உயரம், எழுச்சி அலை எச்சரிக்கை இரண்டும் கிடைக்கும். மாநில அரசின் 'டி.என். அலர்ட்' செயலியிலும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியிலும் உங்கள் இடத்துக்கான மழை, வெப்ப அலை எச்சரிக்கைகள் வரும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது டோக்கன் பற்றித்தான். மீன்வளத்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்குவது சம்பிரதாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை படகு வெளியே, அதில் யார் யார் என்பதற்கு அரசிடம் இருக்கும் சாட்சி அதுதான். ஒக்கிக்குப் பிறகு காணாமல் போனவர் எத்தனை பேர் என்பதிலேயே நீண்ட நாள் குழப்பம் நிலவியது. ஒருவர் ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாமல் போனால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுவான சட்டவிதி. கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஏழு ஆண்டு என்ன என்று சொல்லத் தேவையில்லை. படகில் கடைசி நிமிடத்தில் ஆள் மாறினாலும் பட்டியலை மாற்றிவிட்டே கிளம்புங்கள். விசைப்படகுகளுக்குத் தரப்படும் இருவழித் தொடர்புக் கருவி, கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைக் கொண்டுவரும், ஆபத்துச் செய்தியைத் திருப்பி அனுப்பும். அதன் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதைப் போலத்தான். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

மெல்லத் தின்னும் கடல்

புயல் ஒரு இரவில் வந்து போய்விடும். கடலரிப்பு அப்படியில்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஆராய்ந்ததில், தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. உயரும் கடல்மட்டம் இதற்கு ஒரு காரணம். அணைகளில் தேங்கியும் ஆற்றில் அள்ளப்பட்டும் கடலுக்கு வந்து சேராத மணல் இன்னொரு காரணம். துறைமுகச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் மூன்றாவது.

தூண்டில் வளைவு பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் கடலரிப்பு என்றாலே மனுக்களில் முதல் கோரிக்கை அதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்லைக் கொட்டி ஒரு வளைவு கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கத்து ஊருக்கு மணல் வராது. ஒரு ஊர் தப்பிக்கும், அடுத்த ஊர் வளைவு கேட்டு மனு போடும். தனித்தனி ஊராக இல்லாமல், மணல் நகரும் நீளம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டம் போட்டால்தான் இதற்குத் தீர்வு. தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கம் சதுப்புநிலக் காடு, மணல்மேடு, பவளப்பாறை என்று இயற்கை அரண்களைத் திரும்பக் கொண்டுவருவதை நோக்கமாகக் கொண்டது அதனால்தான். அடும்புக் கொடி படர்ந்த மணல்மேடு அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதைச் சமன் செய்து வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டு அப்புறம் கல் கேட்பது நமக்கே கட்டுப்படியாகாது.

நிவாரணத்தில் ஒரு இடைவெளி இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புயல், வெள்ளம், தீ ஆகியவை பேரிடர் நிவாரண நிதிக்கான தேசியப் பட்டியலில் இருக்கின்றன. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய் என்பது 2022 முதல் 2026 வரையிலான அந்த நிதியின் விதிமுறை. 2024இல் தமிழ்நாடு வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைத் தின்னும் கடலரிப்பு அந்தத் தேசியப் பட்டியலில் இல்லை. எந்த நாளில் வீடு போனது என்று குறிப்பிட முடியாத இழப்புக்கு விண்ணப்பம் எழுதுவது கஷ்டம்தான். அதனால் இப்போதே பதிவுகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். வீட்டு வாசலிலிருந்து அலைக்கோடு வரை எத்தனை அடி என்று மாதம் ஒரு முறை அளந்து, ஒரே இடத்தில் நின்று எடுத்த, தேதி தெரியும் புகைப்படத்தோடு வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்த மாதத்தையும் எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளிலோ, மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்திலோ கொடுக்கும் மனுவுக்கு இவை பலம் சேர்க்கும். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100 மூலமும் கோரிக்கையைப் பதிந்து தொடர்ந்து கேட்கலாம்.

2018 நவம்பர் 16இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலின்போது எச்சரிக்கை நாட்கணக்கில் முன்பே வந்தது. பல ஆயிரம் பேர் பாதுகாப்பு மையங்களுக்குப் போய் உயிர் தப்பினார்கள். ஆனால் தென்னை நகராது. காய்க்கத் தொடங்கவே பல வருஷம் எடுக்கும் மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வந்தபோது பட்டாவும் அடங்கலும் மழையில் ஊறிப்போயிருந்தால், இழப்பை நிரூபிப்பது இன்னொரு போராட்டம். ஆதார், குடும்ப அட்டை, பட்டா, அடங்கல், படகுப் பதிவுச் சான்று, வங்கிப் புத்தகம், மீனவர் நல வாரிய அட்டை இவற்றைப் படம் எடுத்துக் கைபேசியிலும் வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரிடமும் வையுங்கள். டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை அதிலேயே சேமிக்கலாம். தொலைந்துபோனவற்றுக்கு நகல் விண்ணப்பிக்க இ-சேவை மையம் உதவும்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தடைக்கால நிவாரணத் தொகைக்கு வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகும்போது, அதே மீன்வளத்துறை அலுவலகத்தில் குழு விபத்துக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உயிரிழப்புக்கு அதில் 5 லட்சம் ரூபாய் கிடைக்கும், வாரிசுதாரர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே திருத்திவிடலாம். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் நாளில் தொடர்புக் கருவியின் பேட்டரியையும் உயிர்காப்புச் சட்டையின் பட்டையையும் சோதித்துவிடுங்கள். சட்டைகள் எத்தனை, படகில் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.